குறுக்கு வார்

தையல் மெசின் ஒன்று வரும் என்று சொன்ன நிவாரணச் சங்கத்துக்காரர்கள், அது துண்டு துண்டாக வரும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத்தின் வாய்க்கால் கரையில் டிராக்டர் நின்றது. இரும்புக் கால்கள் ஒரு சாக்கில் இறங்கின. தலை ஒரு மரப்பெட்டியில் இறங்கியது. பலகை தனியாக வந்தது. கடைசியில் பாம்புபோலச் சுருட்டிய தோல் வார் ஒன்றை டிரைவர் எறிந்துவிட்டுப் போனான்.

ராக்காயி எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்தாள்.

"கலவரத்துல நம்ம சாமான ஒடச்சாங்க. இங்க ஒடச்சே குடுக்குறாங்க" என்றாள்.

அவள் புருசன் மாயாண்டிக்கு அன்று முகம் மலர்ந்திருந்தது. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினேழு வருசம் எண்ணெய்க்காரனாக இருந்தவன் அவன். மெசின்களின் மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் ஊற்றுவதும், வார் கழன்றால் மாட்டுவதும்தான் வேலை. எழுபத்தேழு கலவரத்தில் உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்த பிறகு, மண்ணும் தண்ணீரும் அறிந்தவர்களுக்கு நடுவில் இரும்பு அறிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் அறிந்துகொள்ள அங்கே இரும்பு இல்லை. மண்வெட்டியை இரும்பு என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. இரண்டு மொழியில் இருந்தது. இரண்டும் தமிழ் இல்லை. மேலே ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டு தைக்கிற படம். மாயாண்டி அந்தப் படத்தை அரை மணிநேரம் பார்த்தான்.

"இவ காலு தெரியலயே" என்றான் கவலையோடு.

"ஒங்களுக்கு எதுக்கு அவ காலு?" என்றாள் ராக்காயி.

மாயாண்டி இரும்புக் கால்களை நிறுத்தி, பலகையை முடுக்கி, தலையை ஏற்றினான். ராக்காயி நீட்டிய தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தள்ளிவிட்டான். "காஞ்சா பிசினாட்டம் ஒட்டிக்கும்" என்று சொல்லி, சைக்கிள் கடைக்கு மூன்று மைல் நடந்து மெசின் எண்ணெய் வாங்கி வந்தான். எண்ணெய் விஷயத்தில் அவனிடம் யாரும் குற்றம் பிடிக்க முடியாது.

பிறகு வார். பலகைக்குக் கீழே மிதியோடு ஒரு பெரிய சக்கரம். மேலே தலையோடு ஒரு சின்னச் சக்கரம். இரண்டையும் இணைப்பது இந்தத் தோல் வார்தான். உலகத்தில் எல்லாரும் அதை நேராகப் போட்டு, மிச்சத்தை வெட்டி, கம்பிக் கொளுக்கியால் இணைப்பார்கள். மாயாண்டி எட்டு இலக்கம்போலக் குறுக்கே போட்டான். தொழிற்சாலையில், தேயிலை உருட்டுகிற ரோலருக்குப் போன வார் அப்படித்தான் கிடந்தது.

"நேரா போட்டா வழுக்கும் புள்ள. குறுக்க போட்டாத்தான் கவ்வும்" என்று மகள் அமராவதிக்கு விளக்கினான். வாரில் ஒரு அங்குலமும் வெட்ட வேண்டி வரவில்லை. அதைத் தன் கொள்கைக்குக் கிடைத்த அத்தாட்சியாக எடுத்துக்கொண்டான்.

குறுக்கே போட்ட வார் கவ்வும் என்பது உண்மை. அது மேல் சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைக்கும் என்பதும் உண்மை. மாயாண்டிக்கு முதலாவது உண்மை மட்டும் தெரிந்திருந்தது.

அமராவதிக்கு அப்போது இருபது வயது. முதல் கிழமை நூல் அறுந்துகொண்டே இருந்தது. மெசின் பின்பக்கமாகச் சுற்றினால் நூல் அடியில் போய்ச் சிக்கும், அவ்வளவுதான் விஷயம். அதை யாரும் சொல்லாததால் அவள் கால் தானே ஒரு வழி கண்டுபிடித்தது. மற்றவர்கள் முன்பாதத்தை அழுத்தித் தொடங்குகிற இடத்தில் அவள் குதிக்காலை அழுத்தித் தொடங்கினாள். அப்போது எல்லாம் சரியாக ஓடியது. சுற்றிலும் நாலு மைலுக்குள் வேறு மெசின் இல்லை. ஆகவே அவள் தைக்கிற விதம்தான் தைக்கிற விதம்.

மூன்று மாதத்தில் சக்கரத்தைக் கையால் தொடாமலே, காலால் மட்டும் மெசினைக் கிளப்பினாள். அதைப் பார்க்கவென்று வாய்க்கால் அடுத்த பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். சட்டைத் துணியும் வந்தது. ஒரேயொரு முறைதான் முறைப்பாடு வந்தது. வீரகத்தியரின் தோட்டத்தில் பகல் முழுக்கக் கூலிக்கு மிளகாய்ப் பழம் ஆய்ந்த கையோடு வந்து, அந்த வீரகத்தியரின் மனைவிக்கே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள் அமராவதி. அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், பூசை நடுவில் இரண்டு கையையும் தூக்கியபடி வீட்டுக்கு ஓடி வந்தார். பக்தி முற்றிவிட்டது என்று சனம் நினைத்தது. கக்கத்தில் எரிவு என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அமராவதிக்கு ஒரு ஆசைதான். மிளகாய்த் தோட்டத்தை விட்டுவிட வேண்டும். விரல் எரிவு சோறு தின்னும்போதும் இருந்தது, முகம் கழுவும்போதும் இருந்தது.

எண்பதாம் ஆண்டு ஆவணியில் அதற்கு ஒரு வழி வந்தது. வந்தது வீரகத்தியரின் சைக்கிளில்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து, நெல்லும் மிளகாயும் செய்து நிமிர்ந்தவர் வீரகத்தியர். சோளகக் காற்று மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மாயாண்டி வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ராக்காயி பதறிப்போய், இருந்த ஒரே கதிரையைத் துடைத்தாள். அதன் ஒரு கால் ஆடும் என்பதைப் பயத்தில் சொல்லாமல் விட்டாள்.

"மாயாண்டி, உன்ரை பெட்டை நல்லாத் தைக்கிறாளாம்?" என்றார், ஆடியபடி.

"ஏதோ தைக்கும்ங்க."

"சங்க மண்டபத்திலை தையல் வகுப்புத் தொடங்கப் போகினம். படிப்பிக்க ஒராள் வேணும். சம்பளத்தோடை. கிளிநொச்சியிலையிருந்து ஒரு ரீச்சர் வந்து சோதினை வைப்பா. என்ரை மகள் சிவனேஸ்வரி விண்ணப்பம் போடுறாள். உவளும் போடட்டும்."

மாயாண்டிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "எங்க புள்ளைங்களா?"

"ஏன், உன்ரை பிள்ளைக்குக் கை இல்லையோ? இந்தா, விண்ணப்பத் தாளும் கொண்டந்தனான். நான் நிரப்பித் தாறன். நீ பேரைச் சொன்னால் போதும்."

"அன்னிக்கு மொளகா ஆயணும்ங்களே..."

"அண்டைக்கு லீவு!" என்றார் வீரகத்தியர்.

அவர் போன பிறகும் மூன்று பேரும் படலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீரகத்தியர் லீவு கொடுத்ததை அந்தக் குடியேற்றத்தில் யாரும் கண்டதில்லை. அவருடைய மாட்டுக்குக்கூட அந்த அனுபவம் இல்லை.

"மனுசன் நல்லவருதான் போல" என்றாள் ராக்காயி, நம்ப முடியாமல்.

"நான்தான் எப்பவோ சொன்னேனே" என்றான் மாயாண்டி. அவன் எப்பவும் சொன்னதில்லை.

சோதனை நாள் மண்டபத்தில் இரண்டு மெசின்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. புத்தம் புதியவை. பத்மாசனி ரீச்சர் மூக்குக் கண்ணாடியும் மணிக்கூடும் கையுமாக நடுவில் நின்றார். ஒரு மணிநேரத்தில் சின்னப் பிள்ளைக்கு ஒரு சட்டை வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும். மாயாண்டி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான், ராக்காயி அவனுக்குப் பின்னால் நின்றாள். வீரகத்தியரும் வெளியேதான் நின்றார். ஆனால் நிழலில் நின்றார்.

வெட்டும் பகுதியில் அமராவதி முந்திவிட்டாள். சிவனேஸ்வரி அளவு நாடாவை இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இவள் கழுத்து வளைவை வெட்டி முடித்தாள். ரீச்சர் குனிந்து பார்த்து, "வடிவான வெட்டு" என்றார். மாயாண்டிக்குக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகலாம்போல இருந்தது.

அமராவதி மெசினுக்கு முன்னால் அமர்ந்தாள். ஊசியில் நூலைக் கோத்தாள். துணியை வைத்தாள். வழக்கம்போலச் சக்கரத்தைக் கையால் தொடவில்லை. ரீச்சர் அதைக் கவனித்துப் புருவத்தை உயர்த்தினார். குதிக்கால் அமர்ந்தது.

டக்.

நூல் அறுந்தது. புது மெசின் என்று அவள் பெரிதாக நினைக்கவில்லை. மறுபடி கோத்தாள். குதிக்கால் அமர்ந்தது. டக். மூன்றாம் தரம் அறுபடவே இல்லை. அதற்குப் பதிலாகத் துணிக்கு அடியில் நூல் திரண்டு குருவிக்கூடுபோல ஒன்று வந்தது. அதை இழுத்தாள், வரவில்லை. கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தாள். நாலாம் தரம், டக்.

அமராவதி குனிந்து தன் காலைப் பார்த்தாள். வேறு யாருடையதோ கால் தன் பாவாடைக்குள் வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருந்தது. பக்கத்தில் சிவனேஸ்வரியின் மெசின் கரகரவென்று போய்க்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை, பதட்டமோ? மெல்ல மிதி" என்றார் ரீச்சர்.

"மெதுவாத்தான் மிதிக்கிறேன் டீச்சர். இது பின்னாடி போவுது."

"அது பின்னாலை போகாது பிள்ளை. நீ விட்டால்தான் போகும்."

அமராவதியின் முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டு வருசமாகத் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய ஒரு காரியம், பத்துப் பேர் பார்க்கும்போது கையை விட்டுப் போய்விட்டது. இல்லை, காலை விட்டுப் போய்விட்டது. யன்னலில் நின்ற மாயாண்டி கம்பிக்குள் முகத்தை அழுத்தினான். மெசினை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது.

"டீச்சரம்மா! வாரு தப்பா கெடக்கு! வார நேரா போட்டு வச்சிருக்காங்க!"

சொல்லிக்கொண்டே வாசலால் உள்ளே வந்துவிட்டான். ரீச்சர் வாய் திறக்க முன், குனிந்து வாரைச் சக்கரத்திலிருந்து தட்டிக் கழற்றினான். அதில் அவன் பதினேழு வருசப் பழக்கம் தெரிந்தது.

"ஐயா! என்ன செய்யிறீங்கள்? இது சங்கத்து மெசின்!"

"ஒரு நிமிசம் பொறுங்கம்மா. யாரோ தெரியாதவன் போட்டிருக்கான். குறுக்க போட்டுட்டா நிமிசத்துல ஓடும்."

குறுக்கே போட்டான். எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது. இழுத்தான். இன்னும் இழுத்தான். கம்பிக் கொளுக்கி நிமிர்ந்து கழன்று எங்கோ போய் விழுந்தது. கழன்ற வாரைக் கையில் பிடித்தபடி நின்றான் மாயாண்டி. நிமிர்ந்து பக்கத்து மெசினைப் பார்த்தான். அதிலும் வார் நேராகத்தான் கிடந்தது. அது நேராகக் கிடந்தே ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் இருக்கிற இரண்டு மெசினிலும் ஒரே பிழையை யாரும் விட மாட்டார்கள் என்ற யோசனை அவனுக்கு மெல்ல வந்தது. அதற்குப் பின்னால் வந்த யோசனைக்கு அவன் கதவைச் சாத்தப் பார்த்தான். முடியவில்லை.

"அப்பா, வெளிய போங்க" என்றாள் அமராவதி. சத்தம் போடவில்லை.

சிவனேஸ்வரி தன் மெசினை நிறுத்தினாள். "ரீச்சர், அவவின்ரை மெசினுக்கு வார் இல்லை. நேரத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

"நீ உன்ரை வேலையைப் பார் பிள்ளை" என்ற குரல் யன்னலுக்கு வெளியே நிழலிலிருந்து வந்தது.

"நேரத்தை நிப்பாட்ட விதி இல்லை" என்றார் ரீச்சர், விதியை நொந்தபடி.

அமராவதி இரண்டு காலையும் மிதியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தாள். வலது கையால் மேல் சக்கரத்தைப் பிடித்துத் தன்பக்கமாகச் சுற்றினாள். இடது கையால் துணியைத் தள்ளினாள். ஒரு சுற்று, ஒரு தையல். எறும்பு ஊர்வதுபோலத் தையல் ஊர்ந்தது. ஆனால் நேராக ஊர்ந்தது, நூல் அறவில்லை. மணி அடித்தபோது ஒரு தோளும் ஒரு பக்கமும் முடிந்திருந்தன. சிவனேஸ்வரியின் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்தாகிவிட்டது.

வீரகத்தியர் ரீச்சருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். ரீச்சர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பிள்ளை, உங்கடை வீடு எவ்வளவு தூரம்?"

"வாய்க்கா தாண்டினா வந்துரும் டீச்சர்."

"பஸ் நாலு மணிக்குத்தானே. உன்ரை மெசினை நான் ஒருக்காப் பாக்கோணும்."

வாய்க்கால் கரையால் நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ராக்காயி முன்னால் ஓடினாள், வீட்டில் சீனி இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.  சோளகம் ரீச்சரின் சேலைத் தலைப்பை அடித்துக்கொண்டே வந்தது.

குசினிப் பக்கம் நின்ற மெசினைக் கண்டதும் ரீச்சர் குந்தி இருந்து அடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கடவுளே! ஆர் இப்பிடிப் போட்டது?"

"நான்தாங்க" என்றான் மாயாண்டி.

ரீச்சர் முக்காலியில் ஏறி இருந்தார். "கொஞ்சத் துணி தா பிள்ளை." கோத்தார், மிதித்தார். டக். மறுபடி கோத்தார். டக். மூன்றாம் தரம் குருவிக்கூடு வந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பேயறைந்தவர்போல இருந்தார்.

"இருவத்திரண்டு வருசமாப் படிப்பிக்கிறன்" என்றார் கடைசியில். "இதிலை என்னாலை ஒரு தையல் போடேலாமல் கிடக்கு. இதிலையோ பிள்ளை நீ ஊரவையின்ரை சட்டையெல்லாம் தைச்சனி?"

"இதுலதான் டீச்சர் எல்லாம்."

"அப்ப என்னதாம்மா தப்பு?" என்றான் மாயாண்டி.

"குறுக்க போட்டால் மேல் சக்கரம் எதிர்ப்பக்கமாச் சுத்தும் ஐயா. நேரப் போட்டால் ரெண்டும் ஒரே பக்கம் சுத்தும். பிள்ளை உங்கடை வாருக்கு ஏத்த மாதிரிக் காலை மாத்திப் பழகிப்போட்டாள். அதுதான் அங்கை நடந்தது."

மாயாண்டி குனிந்து வாரைத் தொட்டுப் பார்த்தான். "எங்க பேக்டரியில ரோலருக்கு குறுக்கத்தான் கெடந்துச்சு."

"அந்த ரோலர் மற்றதுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்த வேண்டியிருந்திருக்கும்."

மாயாண்டி கண்ணை மூடினான். பதினேழு வருசம் தினம் பார்த்த ரோலர் கண்ணுக்குள் சுற்றியது. ஆமாம், அது ஒன்றுதான் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் சுற்றியது. அதை அவன் கண்டிருக்கிறான். கண்டது மட்டும்தான்.

"கவ்வுறதுக்குன்னு நெனச்சேன்" என்றான். "ஒரு தொரையும் சொல்லல."

"நீங்க கேக்கலயாப்பா?" என்றாள் அமராவதி.

"கேட்டா பேரு வெட்டிருவான் புள்ள." அன்றைய கூலி இல்லாமல் போகும் என்று அதற்கு அர்த்தம். "வாய மூடிட்டு எண்ணெ ஊத்துன்னு சொல்லுவான்."

"இஞ்சை ஒருத்தரும் வெட்ட மாட்டினம். கேளுங்கோ" என்றார் ரீச்சர். ஒரு மரியாதைக்காகச் சொன்னார்.

மாயாண்டி கேட்டான். கையால் தைக்கிற ஊசிக்குக் கண் மேலே இருக்க, மெசின் ஊசிக்கு ஏன் கண் நுனியில் இருக்கிறது? அடியில் இருக்கிற பொபின் நூல் மேலே வந்து எப்படிப் பின்னுகிறது? பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சின்னச் சக்கரம் ஏன் அத்தனை சுற்று? ரீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஊசியைக் கழற்றியும் பொபினை எடுத்தும் காட்டிக்கொண்டிருந்தார். ராக்காயி தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். "இவரு இம்புட்டு பேசி நான் கேட்டதில்லைங்க" என்று மன்னிப்புக் கேட்டாள். தூரத்தில் நாலு மணி பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. ரீச்சர் எழும்பப் பார்த்து, பிறகு இருந்துவிட்டார்.

"சரி, பஸ் போட்டுது. இனி அஞ்சரைக்குத்தான். கேளுங்கோ."

மாயாண்டி குறட்டைக் கையில் எடுத்திருந்தான், வாரைக் கழற்ற. கழற்றாமல் நின்றான்.

"கடைசியா ஒண்ணு டீச்சரம்மா. நான் ஆரம்பத்துலயே வார நேரா போட்டிருந்தா, இன்னிக்கு இவளுக்கு அந்த வேல கெடச்சிருக்குமா?"

இவ்வளவு நேரமும் பதிலை உடனே சொன்ன ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைப் பலகையில் வைத்தார். அதைச் சரியாக நடுவில் வைப்பதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்லை" என்றார்.

"அந்தப் பொண்ணு நல்லா தைக்குதோ?"

"அதில்லை ஐயா. வேலைக்குப் பிரஜாவுரிமைத் துண்டு கேக்கினம். பிள்ளையின்ரை விண்ணப்பத்திலை அந்த இடம் வெறுமையாக் கிடந்தது. தபாலிலை வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்."

ராக்காயி அடுப்படியில் நின்றபடியே திரும்பினாள். "தோட்டத்திலேருந்து வந்த எங்களுக்கு அது இன்னும் வரலங்க. எழுதிப் போட்டிருக்கோம்."

"அப்ப எதுக்கும்மா அவள கூப்பிட்டீங்க?" என்றான் மாயாண்டி.

"ரெண்டு பேராவது இருக்கோணும். ஒராள் மட்டும் எண்டால் சோதினை எண்டு எழுதேலாது. ஆள் காணாட்டில் வகுப்பையே வேறை ஊருக்குக் குடுத்துப்போடுவினம். எனக்கும் அது விருப்பமில்லை..."

முற்றத்துப் பாயில் காய்ந்த செத்தல் மிளகாயின் காரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. எல்லாருக்கும் மூக்கு எரிந்தது. ஒருவரும் தும்மவில்லை.

மாயாண்டிக்குள் முதலில் வந்தது சந்தோசம். வார் காரணமில்லை. தன் கை காரணமில்லை. மண்டபத்திலிருந்து வாய்க்கால் கரை நெடுகச் சுமந்து வந்த ஒரு மூட்டை தோளிலிருந்து இறங்கியதுபோல ஒரு மூச்சு விட்டான். விட்ட பிறகுதான், தான் எந்தச் செய்தியைக் கேட்டு அந்த மூச்சை விட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவன் திடுக்கிட்டு மகளைப் பார்த்தான். அவள் பார்த்திருப்பாளோ என்று பயந்தான்.

அமராவதி அவனைப் பார்க்கவில்லை. ரீச்சரின் குருவிக்கூட்டைத் துணியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்து, அப்பனின் கையிலிருந்த குறட்டை வாங்கிக் கூரை இறப்பில் செருகினாள்.

"வாரு கெடக்குற மாதிரியே கெடக்கட்டும்ப்பா."

பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா டீச்சர்? நாளைக்கு ரெண்டு சட்டை குடுக்கணும்."

ரீச்சர் எழும்பினார்.